பாட்டியை நிலாவிலிருந்து இறக்கிவிடாதீர்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு,

ஆறாம் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு நிலாவைப் பற்றி ஏற்கெனவே ஒன்று தெரியும். அங்கே ஒரு பாட்டி உட்கார்ந்து வடை சுடுகிறாள். சோறூட்டும்போது வீட்டில் யாரோ விரல் நீட்டிக் காட்டிய காட்சி அது. நம் வகுப்பறைகளில் நிலவுப் பாடம் பெரும்பாலும் அந்தப் பாட்டியை அப்புறப்படுத்துவதில்தான் தொடங்குகிறது: அங்கே பாட்டியும் இல்லை வடையும் இல்லை, வெறும் கல்லும் மண்ணும்தான், நிலாவுக்குச் சொந்த ஒளி கிடையாது, விட்டம் 3,474 கிலோமீட்டர், எழுதிக்கொள். சொல்லப்படுவது அத்தனையும் உண்மை. ஆனாலும் அந்த நொடியில் குழந்தை தப்பான ஒரு பாடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. அழகானவை தமிழ் வகுப்புக்கும் சினிமாவுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் உரியவை, உண்மையானவை அறிவியல் வகுப்புக்கு உரியவை என்ற பாடம் அது. அந்தப் பிரிவினை தவறு என்று காட்டவே இந்த மடலை எழுதுகிறேன். கதையும் ஓவியமும் பழைய திரைப்படமும் நம்மை ஈர்ப்பதற்குக் காரணம், அவற்றுக்குள் யாரோ ஒருவர் கூர்ந்து பார்த்த பார்வை இருப்பதுதான். அந்தப் பார்வையை விளக்கும்போது அழகு குறைவதில்லை. பார்ப்பதற்கு இன்னும் கொஞ்சம் கிடைக்கிறது. சான்றுக்கு நிலா ஒன்றே போதும்.

பாட்டியிடமிருந்தே தொடங்குவோம். தலைமுறை தலைமுறையாக அவள் ஏன் அங்கேயே இருக்கிறாள்? ஒரு மாதம் பாட்டி, அடுத்த மாதம் யானை, அதற்கடுத்த மாதம் தென்னை மரம் என்று ஏன் கதை மாறவில்லை? நிலா தன் அச்சில் ஒரு முறை சுழல எடுத்துக்கொள்ளும் காலமும் பூமியை ஒரு முறை சுற்றி வர எடுத்துக்கொள்ளும் காலமும் ஒன்றே: ஏறத்தாழ 27.3 நாள். அதனால் அது எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. லேசான ஊசலாட்டத்தால் ஓரங்கள் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதையும் சேர்த்தால், அதன் பரப்பில் 59 விழுக்காட்டைக் காலப்போக்கில் பூமியிலிருந்து பார்த்துவிடலாம். மீதியை 1959 அக்டோபரில் சோவியத் நாட்டின் லூனா 3 படம் எடுத்து அனுப்பும்வரை மனிதக் கண் பார்த்ததில்லை. அந்தப் பின்பக்கத்தில் கருந்திட்டுகள் மிகக் குறைவு. நிலா அந்தப் பக்கத்தைக் காட்டியபடி நின்றிருந்தால் நம் கதையே வேறாக இருந்திருக்கும். ஆக, பாட்டி கதை மாறாமல் நிலைத்ததே சுழற்சிக்கும் சுற்றுகைக்கும் உள்ள பொருத்தத்துக்கு ஒரு சான்று. கதை சொன்னவர்களுக்கு இந்தக் காரணம் தெரியாது. ஆனால் மாறாத ஒன்றை மாறாதது என்று அவர்கள் சரியாகவே பார்த்திருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. பாட்டி நிமிர்ந்து மேலே பார்த்தால் அவள் வானத்தில் பூமி எழுவதும் இல்லை, மறைவதும் இல்லை. ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றபடி தேய்ந்து வளரும். இதை ஒரு மாணவி தானாகவே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டால், சார்பியக்கத்தின் வாசலில் கால் வைத்துவிட்டாள் என்று பொருள்.

அந்தப் பாட்டி எதனால் ஆனவள் என்பது இன்னும் சுவையானது. கருந்திட்டுகள் பசால்ட் எரிமலைப் பாறைகள். அவற்றில் பெரும்பகுதி 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் உருகி வழிந்து பள்ளங்களை நிரப்பி உறைந்தவை. அவளைச் சுற்றியுள்ள வெளுத்த மேட்டு நிலம் அனார்த்தசைட் என்ற பாறை. இளம் நிலாவை மூடியிருந்த பாறைக் குழம்புக் கடலில், கனம் குறைந்த படிகங்கள் மேலே மிதந்து வந்து சேர்ந்து உருவான பொருக்கு அது. பாட்டியைவிட மிகவும் மூத்தது. சந்திரயான் திட்டத்தின் தரையிறங்கு கலத்தையும் உலாவியையும் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற ஒரு மண் வேண்டியிருந்தபோது, இஸ்ரோ அந்த அனார்த்தசைட்டை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியிலிருந்துதான் எடுத்துப் பொடித்துக்கொண்டது. நிலாவின் வெளுப்புக்குக் காரணமான பாறையின் உறவுப் பாறை பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் நிலத்தில் கிடக்கிறது. இதைக் கேட்ட பிறகு நிலா வெறும் கல்லும் மண்ணும் என்று ஒரு குழந்தையால் அலுப்போடு சொல்ல முடியுமா? ‘வெறும்’ என்ற சொல் அங்கே பொருந்தவில்லை.

ஆளுக்கு ஆள் மாறுவதுதானே அழகு, அதை எப்படி வகுப்பில் வைப்பது என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நமக்குப் பாட்டி தெரிகிறாள். சீனர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் மெக்சிகோவின் பழங்குடிகளுக்கும் முயல் தெரிந்தது. ஐரோப்பியர்களுக்கு ஒரு மனித முகம் தெரிந்தது. ஆனால் திட்டுகள் ஒன்றே. கண்ணில் பட்டது எது, அதற்குமேல் மனம் வரைந்துகொண்டது எது என்று பிரித்துப் பார்க்கப் பழக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? தரவையும் அனுமானத்தையும் பிரித்தறிவது ஆய்வுக்கூடத்தில் மட்டும் கற்க வேண்டியது என்று யாரும் விதிக்கவில்லை. மொட்டை மாடியில் நான்கு பேர் நான்கு உருவம் பார்த்துச் சண்டையிட்டாலே அது தொடங்கிவிடுகிறது.

கலை அறிவியலுக்கு ஒப்பனைப் பொருளாக மட்டும் இருந்ததில்லை; சில நேரம் அது கண்ணாகவே இருந்திருக்கிறது. 1609 கோடையில், கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே, இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கி வழியாக நிலாவைப் பார்த்து வரைந்துவிட்டார். தேர்ந்த கணித அறிஞர் அவர். ஆனாலும் அவர் வரைந்ததில் ஒளிக்கும் இருளுக்கும் நடுவே நெளிந்த ஒரு கோடும் சில கறைகளும்தான் இருந்தன. அந்த ஆண்டின் பிற்பகுதியில் கலிலியோ பார்த்தபோது அதே நெளிந்த கோட்டில் மலைகளையும் பள்ளங்களையும் கண்டார். இருட்டுப் பகுதிக்குள் தனித்து மின்னிய புள்ளிகள் விடியல் வெளிச்சம் முதலில் தொட்ட சிகரங்கள் என்று அவருக்குப் புரிந்தது. கருவியின் திறனில் வேறுபாடு இருந்தது என்பது உண்மை. ஆனால் அது மட்டும் இந்த இடைவெளியை விளக்காது. கலிலியோ பிளாரன்ஸ் நகரத்து ஓவியர்களோடு பழகியவர். இளமையில் ஓவியராகவே ஆக விரும்பினார் என்று அவருடைய சீடர் விவியானி எழுதியிருக்கிறார். ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழும்போது மேடு எப்படி நிழல் தரும், குழி எப்படி நிழல் தரும் என்பது அக்கால ஓவியப் பயிற்சியின் அடிப்படை. அந்தப் பயிற்சி பெற்ற கண் நிழலை மேடுபள்ளமாகப் படித்தது. பிறகு கலிலியோ கணிதத்துக்குப் போனார்: ஒளிக்கோட்டிலிருந்து சிகரப் புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து, பைதாகரஸ் தேற்றத்தால் அதன் உயரம் நான்கு மைலுக்கும் அதிகம் என்று கணக்கிட்டார். 1610இல் அவருடைய நூல் வந்தபின் ஹாரியட்டின் படங்களிலும் பள்ளங்கள் தெரியத் தொடங்கிவிட்டன. 1612 வாக்கில் கலிலியோவின் நண்பரான ஓவியர் சிகோலி, ரோமின் சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்துக் கூரையில் அன்னை மரியாளை வரைந்தபோது அவள் காலடியில் வழவழப்பான பிறையை வைக்கவில்லை, குண்டும் குழியுமான நிலாவை வைத்தார். ஓவியத்திடம் அறிவியல் வாங்கிய கடன் மூன்றே ஆண்டில் திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றை நேராகச் சந்திக்க வேண்டும்: அழகு ஏமாற்றும். ஆம், ஏமாற்றியிருக்கிறது. வானப் பொருள்கள் எல்லாம் மாசற்ற கோளங்கள் என்பது அரிஸ்டாட்டிலின் வழி வந்த அழகான கருத்து. அந்த அழகை விட மனமில்லாமல், மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பளிங்குப் பொருள் நிரப்பியிருக்கிறது, ஆகவே நிலா இன்னமும் வழவழப்பானதுதான் என்று வாதிட்ட அறிஞர்கூட அன்று இருந்தார். கெப்ளர் 1596இல் கோள்களின் சுற்றுப்பாதைகளை ஐந்து சீர்த்திண்மங்களுக்குள் பொருத்தி ஒரு மாதிரியைப் படைத்தார். கண்ணைப் பறிக்கும் அமைப்பு, முழுக்கத் தவறு. அதே கெப்ளர்தான் பின்னர் செவ்வாயின் பாதைக்கு வட்டங்களைக் கொண்டு ஒரு கணக்கை உருவாக்கி, டைக்கோ பிராகேயின் அளவீடுகளோடு அது 8 கலை (கோண நிமிடம்) அளவே பொருந்தாமல் போனபோது, அந்தச் சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ள மறுத்து, இரண்டாயிரம் ஆண்டு வட்டத்தைக் கைவிட்டு நீள்வட்டத்துக்கு வந்தார். முழு நிலாவின் அகலமே ஏறத்தாழ 30 கலைதான். அதில் கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதலான பிசகு அது. ஆகவே அழகு ஒரு கூற்றை மெய்ப்பிக்காது, மெய்ப்பிக்கும் வேலை அளவீட்டுடையது என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். எங்கே பார்க்க வேண்டும், எதை விடாமல் பார்க்க வேண்டும் என்று தூண்டுவது அழகின் வேலை. கெப்ளர் கதையைக் கைவிட்டவரும் அல்லர். அவர் இறந்தபின் 1634இல் வெளிவந்த அவருடைய ‘கனவு’ என்ற நூலில் மூலிகை விற்கும் ஒரு தாய் ஓர் ஆவியை அழைக்கிறாள். அந்த ஆவி நிலாவுக்குப் போகும் வழியையும் அங்கிருந்து பார்த்தால் வானம் எப்படித் தெரியும் என்பதையும் சொல்கிறது. நாட்டார் கதையின் உடம்பு, கோப்பர்னிக்கஸின் வானியல் உயிர்.

நம் பக்கத்துச் சான்று ஒன்று, பாடநூல்களில் இடம்பெற வேண்டியது. நிலா வானத்தில் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 12 பாகை முதல் 15 பாகை வரை அதன் நடை மாறுகிறது. தென்னாட்டுக் கணியர்கள் இந்த ஏற்ற இறக்கம் 248 நாளில் ஒன்பது முறை திரும்புகிறது என்று கண்டு, ஒவ்வொரு நாளின் இருப்பிடத்துக்கும் ஒரு வடமொழி வாக்கியமாக 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்துவைத்திருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். வாக்கியமாகச் சொன்னால் பொருள் தரும், எண்ணாகப் படித்தால் நிலா நிற்கும் இடம் தரும். நம் கோயில்களில் இன்றும் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் வேர் இது. ஜான் வாரன் என்ற அதிகாரி, புதுச்சேரியில் தமிழ்க் கணியர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்தே அட்டவணைகளைச் சொல்லி, 1825 மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தார். பிற்காலத்தில் வானியல் வரலாற்று அறிஞர் நியூகெபாவர் அந்தக் கணக்கைச் சரிபார்த்தார். கிரகணத் தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்.

இந்த மூன்று எண்களையும் நான் வேண்டுமென்றே முழுமையாகச் சொல்கிறேன். நாட்டார் வழக்கையும் மரபறிவையும் வகுப்பறைக்குள் விட்டால், எல்லாம் அன்றே நம் முன்னோருக்குத் தெரியும் என்ற பொய்ப் பெருமிதமும் பின்னாலேயே வந்துவிடுமே என்ற உங்கள் அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து மரபை ஒளித்துவைப்பதில் இல்லை. தொடக்கத்தில் 4 நிமிடம் என்ற வியப்பை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது விளம்பரமாகிவிடும். முடிவில் 52 நிமிடம் என்பதையும் சொன்னால் அது வரலாறு. முழுதாகச் சொன்ன பிறகும் காகிதமோ கருவியோ இல்லாமல் சோழிகளால் வானத்தைத் துரத்திய அந்த மனிதர் மீதான வியப்பு அப்படியே இருக்கிறது, பாருங்கள். ராகு, கேது விஷயத்திலும் இதே நேர்மை வேண்டும். நிலாவின் பாதை சூரியனின் தோற்றப் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டும் இரு புள்ளிகளின் அருகில்தான் கிரகணம் நேரும். ராகு, கேது என்ற பெயர்கள் கணக்கில் குறிப்பது அந்தப் புள்ளிகளை. 499இலேயே ஆரியபட்டர் கிரகணம் நிழல்தான் என்று எழுதிவிட்டார். பாம்புக் கதையைச் சொல்லுங்கள், அது வெட்டுப்புள்ளியின் கதை என்றும் சொல்லுங்கள். ஆனால் கிரகணத்தின்போது கர்ப்பிணியை இருட்டறையில் அடைப்பது கதை அல்ல, கட்டளை. பாட்டி நம்மிடம் எதையும் கேட்பதில்லை, அச்சமோ அடிபணிதலையே கேட்கிறது. கதையைக் காத்துக்கொண்டு கட்டளையை எதிர்ப்பதில் எந்த முரணும் இல்லை. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாக வளைய சூரிய கிரகணம் கடந்தபோது மக்களை வெட்டவெளிக்கு அழைத்து வந்து பாதுகாப்பாகப் பார்க்கவைத்த அறிவியல் ஆர்வலர்கள் செய்தது அதைத்தான். அச்சத்தின் இடத்தில் அவர்கள் ஒரு காட்சியை வைத்தார்கள்.

பழைய திரைப்படத்துக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1957இல் சென்னையின் விஜயா–வாகினி நிறுவனத்திலிருந்து கே. வி. ரெட்டி இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் வந்த ‘மாயா பஜார்’ உங்களுக்குத் தெரியும். அபிமன்யு பலராமன் மகளை மணக்கும் அந்தக் கதை வியாசரின் பாரதத்தில் இல்லை, மக்கள் வழக்கில் வளர்ந்தது. அதன் படகுப் பாடலில் நீரின் மேல் நிலவொளி ததும்புகிறது. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லேயின் நிலவொளி என்று இன்றும் பேசப்படுவது. அதில் ஒரு துளியும் நிலாவிலிருந்து வந்தது அல்ல. வரவும் முடியாது. முழுநிலவின் வெளிச்சம் நண்பகல் வெயிலில் ஏறத்தாழ நான்கு லட்சத்தில் ஒரு பங்குதான். அன்றைய படச்சுருளுக்கு அது இருட்டு. பால் போல் தெரியும் நிலாவின் தரைகூடத் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 விழுக்காட்டையே திருப்பி அனுப்புகிறது, தேய்ந்துபோன தார்ச்சாலையைப் போல. கறுப்பு வானத்தின் பின்னணியில்தான் அது வெள்ளை. ஆக, ஒளிப்பதிவாளர் நிலவைத் தாமே ஆக்கியாக வேண்டியிருந்தது.

அந்தக் காட்சி ஏன் நம்மை நம்பவைக்கிறது என்பதற்கு உங்கள் உயிரியல் பாடத்தில் ஒரு பதில் இருக்கிறது. நிறம் காட்டும் கூம்பு செல்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். நிலவொளியில் அவை சோர்ந்துவிட, குச்சி செல்கள் பொறுப்பேற்கின்றன. அவற்றுக்கு நிறம் தெரியாது. பௌர்ணமி இரவில் வேப்பமரமும் செம்பருத்தியும் சாம்பலின் பல அழுத்தங்களாகத் தெரிவது இதனால்தான். வண்ணப் படங்கள் இரவைக் காட்ட நீலச் சாயம் பூசுகின்றன. கறுப்பு–வெள்ளைப் படமோ நிலவில் நம் கண் பார்க்கும் விதத்துக்கு நெருக்கமாகவே நிற்கிறது. தெலுங்கு ‘மாயா பஜார்’ 2010இல் நிறமேற்றப்பட்டு வெளியானது. அந்த உழைப்பை மதிக்கிறேன், ஆனால் படகுப் பாடலுக்கு நிறம் தேவைப்படவில்லை என்பதே என் தீர்மானமான கருத்து. விழித்திரை பற்றிய பாடம் தெரிந்தவருக்கு இந்தக் கருத்தை ரசனையாக மட்டுமல்லாமல் காரணத்தோடும் சொல்ல முடிகிறது. விளக்கினால் மாயம் கலைந்துவிடும் என்போருக்கு நான் காட்டும் சான்றும் இதுதான். அறிவியல் வானவில்லைப் பிரித்துக் காட்டி அதன் கவிதையைப் போக்கிவிடுகிறது என்ற மனக்குறையை ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1820இல் வெளியான தம் கவிதையில் பதிந்திருக்கிறார். 1969இல் மனிதன் நிலாவில் கால் வைத்தபோதும் இதே மனக்குறை எழுந்தது. அதற்குப் பின்னும் தமிழ்த் திரைப்பாட்டில் நிலா தேயவில்லை. புறநானூற்றில் பாரி மகளிர் தம் இழப்பை அளந்து சொல்லத் துணைக்கொண்ட நிலவு, பசால்ட் என்று தெரிந்தபின் தன் துயரத்தை இழக்கவும் இல்லை.

நேரம் எங்கே, தேர்வுக்கு யார் பதில் சொல்வது என்பீர்கள். உங்கள் வேலைப்பளுவை அறியாமல் பேசவில்லை. ஆனால் மேலே சொன்னவற்றில் சுழற்சி, பாறை வகை, பைதாகரஸ், ஒளி எதிரொளிப்பு, கண்ணின் அமைப்பு, கிரகணம் எல்லாம் ஏற்கெனவே பள்ளிப் பாடங்களில் வருபவை. புதிதாக ஓர் அலகைச் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. வரிசையை மாற்றும்படி கேட்கிறேன். வரையறையை முதலில் எழுதிப்போட்டுவிட்டு எடுத்துக்காட்டைக் கடைசியில் தேடுவதற்குப் பதிலாக, குழந்தைக்குத் தெரிந்த காட்சியிலிருந்து தொடங்கி வரையறைக்கு வாருங்கள். தமிழாசிரியரோடு ஒரு பாடவேளையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஓவிய ஆசிரியர் இருக்கும் பள்ளியில் அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

வரும் வளர்பிறையிலேயே தொடங்கலாம். அமாவாசைக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து பௌர்ணமி வரை மாணவர்கள் ஒவ்வொரு மாலையும் நிலாவை வரைந்து வரட்டும். வெளிச்சமும் இருளும் சேரும் கோட்டை மட்டும் கவனமாக வரையச் சொல்லுங்கள். பாட்டியின் எந்தப் பகுதி எந்த நாளில் முதலில் தெரிகிறது என்று குறிக்கட்டும். பௌர்ணமிக்கு முந்திய நாள் வகுப்பில் அந்தப் படகுப் பாடலைத் திரையிடுங்கள். மறுநாள் இரவு, தெருவிளக்கு எட்டாத இடத்தில், சிவப்பும் நீலமுமாக இரண்டு துணிகளை விரித்துவைத்து, கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரமாவது காத்திருந்து, எது முன்னதாகக் கறுத்துப்போகிறது, எது வெளுத்து நிற்கிறது என்று அவர்களே எழுதிக்கொண்டு வரட்டும். காரணத்தை நீங்கள் சொல்ல வேண்டாம். அடுத்த வகுப்பில் அவர்கள் கேட்கும்வரை காத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்